எடைமேடைக் கணினியில் காம்1: பழைய இயங்குதளத்தில் சீரியல் போர்ட் கார்டு பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் தனியார் எடைமேடை ஒன்று இயங்கி வருகிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் உப்பு லாரிகளும், கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுத்த கரியை ஏற்றி வரும் வண்டிகளும் அதன் அன்றாட வாடிக்கை. அங்குள்ள கணினி பென்டியம் 4 வகையைச் சேர்ந்தது. அதில் விண்டோஸ் 98 இருந்தது. அதற்குள் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட டாஸ் நிரல் ஒன்று, அதாவது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளத்துக்கான நிரல், ஓடியது. எடையை எண்ணாகக் காட்டும் பெட்டியான எடைக்காட்டியிலிருந்து சீரியல் போர்ட் (தரவைத் துடிப்பு துடிப்பாக வாங்கி அனுப்பும் இணைப்பு, முதல் போர்ட்டின் பெயர் காம்1) வழியாக எடையை வாங்கி, காலி எடையையும் லோடு எடையையும் வண்டி எண்ணோடு சேர்த்துப் பதிந்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடைச்சீட்டை அடித்துக் கொடுப்பதுதான் அந்த நிரலின் முழு வேலை. அந்தக் கணினியின் சீரியல் போர்ட் பழுதானபோது, அதற்குப் பதிலாக ஒரு கார்டைச் செருகுவது எவ்வளவு எளிது என்று எல்லோரும் எண்ணினார்களோ, அவ்வளவு எளிதாக அது இருக்கவில்லை. கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த விண்டோஸ் என்று கேட்பதைவிட, நிரல் எந்த வழியாகப் போர்ட்டைத் தொடுகிறது என்று கேட்பதே முக்கியம் என்பது என் கருத்து. இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்கும் அதுவே காரணம்.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடைக்காட்டி என்பது சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற கருவியின் ஒரு பகுதி. அதை மாற்றினால் மறுபடியும் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்து, முத்திரை வாங்கும்வரை மேடையை மூடி வைக்க வேண்டும். உப்பு ஏற்றும் பருவத்தில் எந்த உரிமையாளரும் அதற்கு ஒப்பமாட்டார். நிரலை எழுதிக் கொடுத்தவரோ இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. மூல நிரல் எவரிடமும் இல்லை. பல ஆண்டுப் பற்றுவரவு அதே கோப்புகளில் கிடக்கிறது. ஆகவே ஒரு முனையில் எடைக்காட்டியையும் மறுமுனையில் நிரலையும் தொடாமல், இடையிலுள்ளதை மட்டும் சரிசெய்வதே எங்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை.

பழுதைக் கண்டறிதல்

ஐப்பசி இடிமழைக்கு மறுநாள் காலையில் எடைக்காட்டி சரியான எடையைக் காட்டியது. கணினித் திரையில் மட்டும் சுழியமே நின்றது. "அண்ணே, பெட்டியில எடை வருது, கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது" என்று மேடையை இயக்கும் இளைஞர் சொன்னது, பழுது எங்கே என்பதைப் பாதியளவு சொல்லிவிட்டது. நிரல் எந்தப் பிழைச் செய்தியையும் காட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

சீரியல் போர்ட் என்று நாம் ஒற்றைப் பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு பகுதிகள் சேர்ந்தது. ஒன்று, பைட்டுகளைத் துடிப்புகளாகவும் துடிப்புகளைப் பைட்டுகளாகவும் மாற்றும் யூஆர்ட் என்னும் சுற்று. பென்டியம் 4 காலத்து மதர்போர்டுகளில் இது, பல பழைய இணைப்புகளையும் ஒருங்கே கவனிக்கும் சூப்பர் ஐ.ஓ. சில்லுக்குள் இருக்கிறது. மற்றொன்று, அந்தச் சுற்றின் ஐந்து வோல்ட் குறிப்புகளை ஆர்.எஸ்.-232 கேட்கும் நேர், எதிர் மின்னழுத்தங்களாக மாற்றும் 75232 போன்ற தனிச் சில்லு. கேபிள் வழியாக வரும் மின்னதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது இந்த இரண்டாவது சில்லுதான். ஒன்பது முனை இணைப்பில் 3-ஆம் முனைக்கும் 5-ஆம் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், போர்ட் சும்மா இருக்கும் வேளையில் தெளிவான எதிர்மின்னழுத்தம் தெரிய வேண்டும். இங்கே ஏறத்தாழ எதுவுமே தெரியவில்லை. 2-ஆம் முனையையும் 3-ஆம் முனையையும் இணைத்து, சீரியல் போர்ட்டில் வருவதைக் காட்டும் விண்டோஸ் நிரலான ஹைப்பர்டெர்மினலில் தட்டச்சு செய்தபோது எழுத்துகள் திரும்பி வரவில்லை. ஆனால் வன்பொருளை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் உதவும் டாஸ் டிபக் கருவியில், யூஆர்ட்டுக்கு உரிய 3எஃப்எஃப் என்ற முகவரிக்கு ஓர் எண்ணை எழுதித் திரும்பப் படித்தபோது அதே எண் வந்தது. யூஆர்ட் உயிரோடு இருக்கிறது, வெளிச் சில்லு இறந்துவிட்டது என்பது இதனால் உறுதியாயிற்று. நிரல் ஏன் பிழை காட்டவில்லை என்பதும் விளங்கியது: அது கேட்ட இடத்தில் யூஆர்ட் பதில் சொல்கிறது, தரவு மட்டும் வந்து சேர்வதில்லை.

அந்த மதர்போர்டில் வெளியே ஒரு சீரியல் இணைப்புதான் உண்டு. உள்ளே இரண்டாவது போர்ட்டுக்கான முனைவரிசை இல்லை. சில்லை மட்டும் பற்றவைத்து மாற்றுவது தொழில்நுட்ப அளவில் இயலும். ஆயினும் உப்புக் காற்றில் ஏற்கெனவே பச்சை பூத்துக் கிடந்த போர்டில் அந்த வேலையைச் செய்யத் துணிவது நல்லதல்ல என்று முடிவு செய்தோம்.

கார்டு வந்தது, எடை வரவில்லை

உரிமையாளர் முதலில் யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். விண்டோஸ் 98-க்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அதனுடன் இருந்தது, போர்ட்டும் தோன்றியது. ஆனால் டாஸ் நிரலின் கண்ணுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. யூ.எஸ்.பி. மாற்றிக்கு உள்ளீட்டு வெளியீட்டு முகவரி என்று எதுவும் இல்லை. டிரைவர் மூலமாக மட்டுமே அதனோடு பேச முடியும். டாஸ் நிரலோ டிரைவரைக் கேட்கும் பழக்கமே இல்லாதது.

அடுத்து, மதர்போர்டின் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும், இரண்டு போர்ட்டுகள் கொண்ட பி.சி.ஐ. கார்டு வாங்கப்பட்டது. அட்டைப் பெட்டியில் விண்டோஸ் 98 என்று அச்சிட்டிருந்தது. அது பொய்யும் அல்ல. கார்டைச் செருகியதும் விண்டோஸ் அதைக் கண்டுகொண்டது. குறுவட்டிலிருந்த டிரைவர் ஏறியது. காம்3, காம்4 என இரண்டு போர்ட்டுகள் தோன்றின. ஹைப்பர்டெர்மினலில் காம்3-ஐ நொடிக்கு 2400 துடிப்பு என்ற வேகத்தில் திறந்தபோது எடை வரிகள் மளமளவென ஓடின. எடைமேடை நிரலைத் திறந்தால் மறுபடியும் சுழியம். கார்டு கெட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கார்டில் எந்தக் குறையும் இல்லை.

காரணம் 1981-இல் தொடங்குகிறது. ஐ.பி.எம். தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது, சீரியல் கார்டில் 8250 என்னும் யூஆர்ட்டை வைத்தது. காம்1-க்குப் பதினறும எண்முறையில் 3எஃப்8 என்ற முகவரியும், குறுக்கீட்டு எண் (தரவு வந்ததைச் செயலிக்கு உணர்த்தும் குறிப்பின் எண்) 4-உம் வழங்கப்பட்டன. காம்2-க்கு 2எஃப்8, குறுக்கீட்டு எண் 3. பின்னர் வந்த காம்3, காம்4 ஆகியவை முறையே 3ஈ8, 2ஈ8 என்ற முகவரிகளை எடுத்துக்கொண்டு, அதே 4, 3 என்னும் குறுக்கீடுகளைப் பகிர்ந்துகொண்டன. கணினி தொடங்கும்போது, அதைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயோஸ் இந்த முகவரிகளில் யூஆர்ட் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, கிடைத்தவற்றை நினைவகத்தின் 40:0 என்ற இடத்தில் வரிசையாக எழுதி வைக்கிறது. டாஸ் காலத்து நிரல்களை எழுதியவர்களில் ஒரு சாரார் அந்தப் பட்டியலைப் படித்து முகவரியைத் தெரிந்துகொண்டார்கள். இன்னொரு சாரார் பட்டியலைக்கூடப் பார்க்காமல் 3எஃப்8 என்பதை நிரலிலேயே பதித்துவிட்டார்கள். பி.சி.ஐ.-க்கு முந்தைய ஐ.எஸ்.ஏ. கார்டுகளின் காலத்தில் இரண்டும் ஒன்றுதான். கார்டில் ஜம்பரை (முனைகளை இணைக்கும் சிறு மூடியை) மாற்றினால் அந்த முகவரியே கிடைத்துவிடும்.

1992-இல் முதல் விவரக்குறிப்பு வெளியான பி.சி.ஐ. அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது. பி.சி.ஐ. கார்டு தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டுமே சொல்லும். எந்த முகவரி என்பதைப் பயோஸோ இயங்குதளமோ தீர்மானிக்கும். எங்கள் கார்டுக்குக் கிடைத்த முகவரி டி800. குறுக்கீட்டு எண் 11. விண்டோஸ் அதற்குக் காம்3 என்று பெயர் சூட்டியது வெறும் பெயர்ப்பலகைதான். பழைய காம்3 முகவரியான 3ஈ8-க்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஹைப்பர்டெர்மினல் பெயரைச் சொல்லி விண்டோஸிடம் கேட்கிறது, எனவே எடையைப் பெறுகிறது. எடைமேடை நிரல் வீட்டு எண்ணை நேரடியாகத் தேடிப்போகிறது, அங்கே இறந்துபோன பழைய போர்ட் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

நிரல் எந்தச் சாராரைச் சேர்ந்தது என்பதைச் சோதிப்பது கடினமல்ல. கணினியை எம்.எஸ். டாஸ் முறையில் தொடங்கி, டிபக்கில் 40:0 என்ற இடத்தைக் காட்டச் சொன்னால், முதல் இரண்டு பைட்டுகள் எஃப்8, 03 என்று தெரியும். தலைகீழாகப் படித்தால் 03எஃப்8. அவற்றுக்குப் பதிலாகக் கார்டின் முகவரியை எழுதிவிட்டு நிரலை ஓட்டிப் பார்த்தோம். பட்டியலைப் படிக்கும் நிரலாக இருந்து, குறுக்கீட்டை நம்பாமல் தானே அடிக்கடி எட்டிப் பார்த்துப் பைட்டை எடுப்பதாகவும் இருந்திருந்தால், வேலை அங்கேயே முடிந்திருக்கும். தொடக்கக் கோப்பில் ஒரு சிறு வரி சேர்த்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யும் முன் பயோஸில் 'பி.என்.பி. ஓ.எஸ்.' என்ற அமைப்பை இல்லை என்று மாற்றிவைக்க வேண்டும். ஆம் என்றிருந்தால் சில பயோஸ்கள் இத்தகைய கார்டுக்கு முகவரி ஒதுக்கும் வேலையை இயங்குதளத்திடம் விட்டுவிடும், டாஸோ அதைச் செய்யாது. எங்கள் நிரல் மாற்றி எழுதிய முகவரியை மதிக்கவில்லை. 3எஃப்8 அதன் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆராய்ந்த வழிகள்

ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டுக்குத் திரும்பிப் போவது ஒரு வழி. பென்டியம் 3 காலத்து 440பிஎக்ஸ் போர்டுகள் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கக்கூடும். ஐ.எஸ்.ஏ. கார்டில் 3எஃப்8, குறுக்கீடு 4 என்று ஜம்பர் வைத்து, போர்டிலுள்ள சொந்தப் போர்ட்டைப் பயோஸில் அணைத்துவிட்டால் டாஸ் நிரலுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. தூய்மையான தீர்வு இதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட போர்டைக் கடலோரத்தில் கொண்டுவந்து வைப்பது, பழுதை ஒத்திப்போடுவதே தவிர நீக்குவது அல்ல.

பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான டாஸ்பாக்ஸ் இரண்டாவது வழி. அது தனக்குள் ஒரு போலி யூஆர்ட்டை 3எஃப்8-இல் வைத்து, அதற்கு வருவதையெல்லாம் வெளியே உள்ள எந்த உண்மைப் போர்ட்டுக்கும் திருப்பிவிடும், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டாயினும் யூ.எஸ்.பி. மாற்றியாயினும் அதற்கு ஒன்றே. எதிர்காலத்தில் கணினியையே மாற்றும் நாள் வந்தால் இந்த வழிதான் கைகொடுக்கும். இப்போது தடையாக நின்றது பிரிண்டர்: மூல டாஸ்பாக்ஸில், பிரிண்டர் இணையும் இணைவழிப் போர்ட்டுக்கு அச்சிடும் வசதி இல்லை, அதன் கிளை வடிவங்களைத்தான் நாட வேண்டும். லாரிக்காரர் சீட்டுக்காகக் காத்து நிற்கும் இடத்தில் சோதனை முயற்சிகளுக்கு இடமில்லை.

நாங்கள் தேர்ந்தது 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி. பழைய பொருளை இன்னொரு பழைய பொருளால் சரிசெய்வது முரணாகத் தோன்றலாம். 2014 ஏப்ரலிலேயே அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் இந்தக் கணினி இணையத்தோடு இணைக்கப்படவில்லை, இணைக்கப்படவும் போவதில்லை. எக்ஸ்பியின் சிறப்பு, டாஸ் நிரல்களை அது என்.டி.வி.டி.எம். என்ற கூண்டுக்குள் வைத்து ஓட்டுவது. விண்டோஸ் 98 டாஸ் நிரலை வன்பொருளைத் தொட விட்டுவிடுகிறது. எக்ஸ்பியோ தொட விடுவதில்லை. நிரல் 3எஃப்8-இல் எழுதினால், கூண்டு அதைப் பிடித்து, காம்1 என்ற பெயருடைய போர்ட்டின் டிரைவரிடம் ஒப்படைக்கிறது. அந்தப் போர்ட் உண்மையில் எந்த முகவரியில் இருந்தாலும் நிரலுக்குக் கவலையில்லை. விண்டோஸ் 98-இல் வெறும் பெயர்ப்பலகையாக இருந்தது இங்கே உண்மையான வழிகாட்டியாகிவிடுகிறது.

வேகக் கணக்கிலும் இந்த இடைத்தரகு உதவுகிறது. பழைய யூஆர்ட் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை நம்பியது. அதை 16-ஆல் வகுத்தால் 115200. டாஸ் நிரல் 2400 வேகம் வேண்டும்போது 48 என்ற வகுஎண்ணை நேரடியாகச் சில்லில் எழுதும். சில கார்டுகளில் இதைப்போல எட்டு மடங்கான 14.7456 மெகாஹெர்ட்ஸ் படிகம் (கடிகாரத் துடிப்பைத் தரும் பாகம்) இருக்கும். கடிகாரத்தைக் குறைக்கும் ஏற்பாடு இல்லையென்றால் அதே 48 அங்கே 19200 ஆகி, திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். எக்ஸ்பியில் கூண்டு 48-ஐ 2400 என்று மொழிபெயர்த்து டிரைவரிடம் கேட்கிறது. தன் கார்டின் படிகம் எது என்பது டிரைவருக்குத் தெரியும்.

செய்த வேலை

விண்டோஸ் 98 இருந்த வன்தட்டைக் கழற்றி, தரவுக் கோப்புகளைப் படியெடுத்தபின் அப்படியே எடுத்துவைத்தோம். வேறொரு தட்டில் எக்ஸ்பி நிறுவப்பட்டது. அதற்கு முன்பே பயோஸில் போர்டின் சொந்த சீரியல் போர்ட் அணைக்கப்பட்டது. இந்த வரிசை முக்கியம், இல்லாவிட்டால் காம்1 என்ற பெயரை இறந்த போர்ட் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்டின் டிரைவரை ஏற்றி, டிவைஸ் மேனேஜரில் போர்ட் அமைப்புகளின் மேம்பட்ட பகுதிக்குச் சென்று, காம்3 என்றிருந்ததைக் காம்1 என மாற்றினோம். கிளிப்பர் நிரலுக்கு ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் திறக்க வேண்டியிருப்பதால், சிஸ்டம்32 கோப்புறையிலுள்ள கான்ஃபிக்.என்டி கோப்பில் ஃபைல்ஸ் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருந்தது. எடைக்காட்டிக் கேபிள் மூன்றே கம்பிகள் கொண்டது. கணினிப் பக்க இணைப்பில் 7-ஐயும் 8-ஐயும், 1, 4, 6 ஆகியவற்றையும் பிணைத்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டோம். கார்டில் 9-ஆம் முனைக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் ஒன்று இருந்தது. கடைகளில் வைக்கும் பார்கோடு கருவிகளுக்கான அந்த வசதி இங்கே தேவையற்றது என்பதால் அது அணைந்த நிலையில் இருப்பதைச் சரிபார்த்தோம்.

எடை வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. லாரி மேடையை விட்டு இறங்கிய பின்னும் திரையில் அதன் எடை நின்றது. அடுத்த வண்டி ஏறிச் சில நொடி கழித்தே எண் மாறியது. எடைமேடையில் இதைவிட ஆபத்தான பழுது வேறில்லை. எடை வராவிட்டால் வண்டி நிற்கும், தவறான எடை வந்தால் சீட்டு அடிக்கப்பட்டுவிடும்.

பழைய அமைப்பில் ஏன் இது நிகழவில்லை என்று ஆராய்ந்தபோது விடை வியப்பூட்டியது. எடைக்காட்டி ஓயாமல் எடை வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 2400 வேகத்தில், எழுத்துக்குப் பத்து துடிப்பு வீதம், நொடிக்கு 240 எழுத்துகள். நிரல் அவ்வளவு விரைவாகப் படிப்பதில்லை. டாஸ் நேரடியாக யூஆர்ட்டைத் தொட்டபோது, படிக்கப்படாத எழுத்துகள் அடுத்து வந்தவற்றால் அழிக்கப்பட்டன. சிதைந்த வரிகளை நிரல் தள்ளிவிட்டது. கையில் கிடைத்தது எப்போதும் புதிய எடை. எக்ஸ்பியின் டிரைவரோ ஓர் எழுத்தையும் இழக்காமல் வரிசையில் சேர்த்து வைக்கிறது. அந்த வரிசையில் 1200 எழுத்துகள் தேங்கினால், திரையில் தெரிவது ஐந்து நொடிக்கு முந்தைய எடை. நம்பகத்தன்மைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, நிரல் அறியாமல் சார்ந்திருந்த இழப்பை நீக்கிவிட்டது. கார்டில் 16550 யூஆர்ட்டின் 16 பைட் இடைத்தேக்கத்தை அணைத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தேக்கம் சில்லில் அல்ல, அதற்கு மேலே இருந்தது.

தீர்வு எடைக்காட்டியின் பயனர் பட்டியலில் கிடைத்தது. தொடர்ந்து அனுப்பும் முறையை நிறுத்தி, அச்சுப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஒரு வரி அனுப்பும் முறைக்கு மாற்றினோம். இந்த அமைப்பு அளவீட்டுப் பகுதிக்கு வெளியே இருப்பதால் முத்திரையைத் தொட வேண்டியதில்லை. வண்டி மேடையில் நிலையாக நின்றபின் இயக்குபவர் பொத்தானை அழுத்துகிறார். நிரல் வந்த ஒற்றை வரியை வாங்கிக்கொள்கிறது. வேலையில் ஒரு கைச்செயல் கூடியது. இயக்குபவர் முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிக்கொண்டார். அந்தப் பொத்தான் இருப்பதே மேல் என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் வண்டி அசைந்துகொண்டிருக்கும்போது எடை பதியும் வாய்ப்பை அது குறைக்கிறது. நிரல் போர்ட்டை ஓயாமல் எட்டிப் பார்ப்பதால் செயலியின் பளு எப்போதும் முழு அளவில் காட்டும், அது என்.டி.வி.டி.எம். கூண்டின் இயல்பு, பழுதல்ல.

கடற்கரை சார்ந்த ஏற்பாடுகள்

உப்புப் படியும் காற்றில் ஸ்லாட் தொடர்புகளும் இணைப்பின் இரும்புத் திருகுகளும் விரைவில் கெடும். எனவே கார்டின் விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் செருகி, பயன்படாத ஸ்லாட்டுகளின் பின்பக்கத் திறப்புகளைத் தகட்டால் மூடினோம். இடி விழுந்த தடத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இப்பகுதியின் உவர்மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் நிலத்தில் புதைத்த இரும்புக் குழாயை அதே மண் தின்றுவிடும். தோண்டிப் பார்த்ததில் குழாயும் கம்பியும் சேரும் இடம் துருவாக உதிர்ந்தது. அது மாற்றப்பட்டது. எடைக்காட்டிக்கும் கார்டுக்கும் இடையில் ஒளிவழித் தடுப்பான் ஒன்றும் சேர்க்கப்பட்டது. மூன்று கம்பிகளும் அதனூடாகவே செல்வதால், இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இப்போது இல்லை. அதையும் மீறி அதிர்ச்சி வந்தால் முதலில் போவது கார்டுதான், மதர்போர்டு தப்பக்கூடும்.

மாற்றுக் கார்டு ஒன்றை வாங்கி வைக்கும்போது அதே சில்லுடையதாகவே பார்த்து வாங்கச் சொன்னோம். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஹைதராபாத் மாஸ்சிப் நிறுவனத்தின் சில்லும் இருக்கலாம், வேறு நாட்டுச் சில்லும் இருக்கலாம், டிரைவர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினால் எக்ஸ்பி அதைப் புதிய சாதனமாகக் கருதி அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும்; காம்1 பயன்பாட்டில் உள்ளது என்றும் சொல்லும். அப்போது டிவைஸ் மேனேஜரில் இணைக்கப்படாத சாதனங்களையும் காட்டச் செய்து, பழைய பதிவை நீக்கிவிட்டு, புதியதற்குக் காம்1 என்ற எண்ணை வழங்க வேண்டும். இந்த ஒரு குறிப்பை மட்டும் தமிழில் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கணினிப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.